அம்மாசி ஆடிய பக்கம்

காட்டூரில் வருஷத்துக்கு ஒரு நாள் வீரமலையின் தலையில் பரிவட்டம் ஏறும். மீதி முந்நூற்று அறுபத்து நான்கு நாளும் அந்தத் தலையில் அவர் மனைவி செல்லக்கிளிதான் ஏறி உட்கார்ந்திருப்பாள்.

பரிவட்டம் என்பது கோயிலில் பெரிய மனிதர்களுக்குத் தலையில் கட்டுகிற துணி. அதைக் கால்பந்துத் திடலுக்கு இழுத்து வந்த பெருமை காட்டூர்க்காரர்களைச் சேரும். தேர் வடத்தை முதலில் யார் தொடுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டு பழகியவர்களுக்கு, பந்தை முதலில் யார் உதைப்பது என்பதும் மரியாதைப் பிரச்சினையாகத்தானே தெரியும்? பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை ‘அமரர் அம்மாசி நினைவுக் கோப்பை’ தொடங்கும். அமரரின் ஒரே மகனான வீரமலைக்கு நாதஸ்வரம் ஊதிப் பரிவட்டம் கட்டி, நடுக்கோட்டுக்குக் கூட்டிப்போய் முதல் உதையை விடச் சொல்வார்கள். அவர் கிழக்குக் கோலைப் பார்த்து உதைப்பார். கிழக்குதான் மங்களம் என்று எவனோ ஒரு சோசியன் சொல்லிவிட்டுப் போயிருந்தான். பந்து பத்தடி உருளும், எல்லாரும் கைதட்டுவார்கள்.

இத்தனைக்கும் காரணம், அம்மாசி இந்தியாவுக்காகக் கால்பந்து ஆடியவர் என்பதுதான்.

எப்போது ஆடினார், யாரோடு ஆடினார் என்பதெல்லாம் அந்த வருஷம் வீரமலை கையில் மைக் எவ்வளவு நேரம் இருந்தது என்பதைப் பொறுத்தது. முதல் வருஷம், “எங்கப்பா கொழும்புல இந்தியா - சிலோன் மேட்ச் ஆடினாருங்க” என்பதோடு இறங்கிவிட்டார். நான்காம் வருஷம் அம்மாசி லண்டன் ஒலிம்பிக்ஸுக்கே போய்விட்டார். நாற்பத்தெட்டில் அங்கே இந்தியா பிரான்சோடு ஆடியதும், பாதிப்பேர் வெறுங்காலோடு ஓடியதும், இரண்டு பெனால்டியை வீணடித்து இரண்டுக்கு ஒன்று என்று தோற்றதும் வரலாறு. இதை எதிலோ படித்துவிட்டு வீரமலை மைக்கைப் பிடித்தார். “அந்த ரெண்டு பெனால்டியும் எங்கப்பா அடிச்சதில்லைங்க. அவர் அடிச்சிருந்தா உள்ள போயிருக்கும்.” இதை யாரால் மறுக்க முடியும்? ஐம்பதில் இந்தியா உலகக் கோப்பைக்குப் போகாமல் விட்டதற்கும் அப்பாவுக்கு வந்த காய்ச்சல்தான் காரணம் என்று சொல்லிவிடுவாரோ என்று, ஒவ்வொரு பொங்கலுக்கும் செல்லக்கிளி சமயபுரத்தாளுக்கு ஒரு ரூபாய் முடிந்து வைப்பாள்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். வீரமலை கெட்டிக்காரரே இல்லை; அவர் புளுகு இருபது வருஷம் ஓடியது.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். லண்டன்தான் புளுகு, கொழும்பை அவர் மனசார நம்பினார். வீட்டுப் பூஜை அலமாரியில் முருகனுக்கும் சமயபுரத்தாளுக்கும் நடுவில் சட்டம் போட்ட இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று போட்டோ. பதினோரு பேர் இரண்டு வரிசையாக நிற்க, முன்னால் ஒரு பலகையில் இந்தியா, சிலோன் என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். இரண்டாம் வரிசையில் இடது ஓரம் நிற்கிற ஒல்லிக்குச்சி அம்மாசி. கால்கள் இருந்த இடத்தைப் பூஞ்சை தின்றுவிட்டதால் வெறுங்கால் என்று சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. இன்னொன்று, அரசாங்க முத்திரை போட்ட ஆங்கிலத் தாள். இந்திய அணியில் ஆடியதற்கான சர்டிபிகேட் என்று வீரமலையின் அம்மா சட்டம் போட்டு வைத்தது. வெள்ளிக்கு வெள்ளி அதன் கண்ணாடிக்கு நட்டநடுவில் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். ஏற்கெனவே வைத்த பொட்டைத் துடைத்தால் தரித்திரம் என்று அம்மா சொல்லியிருந்ததால் பழசின் மேலேயே புதுசு வைத்து வைத்து, பொட்டு ஓர் அதிரசம் கனத்துக்கு வந்திருந்தது. அதற்கு அடியில் இரண்டு வரி ஒளிந்திருந்தது. வீரமலையின் பிள்ளைகள் இங்கிலீஷ் மீடியத்தில்தான் படித்தார்கள். ஆனாலும் சாமி அலமாரியில் இருப்பதை விழுந்து கும்பிடுவார்களே தவிர, யாராவது எடுத்துப் படிப்பார்களா?

இருபத்தொன்றாம் வருஷம் சிக்கல் வந்தது. மாநகராட்சி திடலுக்குப் படிக்கட்டு கட்டித் தந்தது. திடலுக்கு அம்மாசி பேரை வைக்க வேண்டும் என்று கிளப் செயலாளர் ஜெயக்குமார் மனுப் போட்டார். சிமெண்டுக் கடை வைத்திருக்கும் மனிதர், எதையும் மூட்டை கணக்கில்தான் யோசிப்பார். ஒரு நாள் காலை பைக்கை ஸ்டாண்டு போடாமலேயே வாசலில் நின்று கத்தினார்.

“அண்ணே! பேர் வைக்க ஓகே சொல்லிட்டாங்க. ஆனா உங்கப்பா இந்தியாவுக்கு ஆடினதுக்கு ஆதாரம் கேக்குறாங்க. மூணு காப்பி.”

“சர்டிபிகேட்தான் இருக்கே.”

“அது யாருக்குண்ணே புரியுது? ஸ்ரீரங்கத்துல ஹரிஹரசுதன்னு ஒருத்தரு இருக்காரு. இந்தியா டீம் ஆடின பழைய மேட்ச் பூராவும் நோட்டுல எழுதி வச்சிருக்காராம். அவருகிட்ட ஒரு கையெழுத்து வாங்கிட்டீங்கன்னா முடிஞ்சுது. தொடக்க விழாவுலயே பேரை அறிவிச்சிரலாம்.”

வீரமலைக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு ஒரு முழம் துணியாக இருந்த மரியாதை, இனி கல்லில் வெட்டி நிரந்தரமாகப் போகிறது. இரண்டு சட்டங்களையும் மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் மாறி ஸ்ரீரங்கம் போனார்.

ஹரிஹரசுதன் கீழச் சித்திரை வீதியில் இருந்தார். இன்ஷூரன்ஸ் ஆபீசில் ரிட்டையர் ஆனவர், பளிச்சென்ற நாமம். இந்திய அணி எந்த ஊரில் எந்தத் தேதியில் யாரோடு ஆடியது, யார் யார் ஆடினார்கள் என்று பதினேழு நோட்டு எழுதி வைத்திருந்தார். முப்பத்தெட்டில் ஆஸ்திரேலியா போய் ஆடியதிலிருந்து கணக்கைத் தொடங்க வேண்டும் என்பது இவர் கட்சி. சுதந்திரத்துக்குப் பிறகு ஆடியதுதான் கணக்கு என்பது மயிலாப்பூரில் இருக்கும் இன்னொருவர் கட்சி. கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று கோர்ட்டுக்குப் போன சம்பிரதாயத்தில் வந்தவர்கள், இதற்காகப் பதினோரு வருஷமாகப் பேசிக்கொள்ளாமல் இருப்பதில் ஆச்சரியமில்லை. அறுபத்திரண்டில் இந்தியா ஆசியத் தங்கம் வாங்கியதோடு ஹரிஹரசுதன் நோட்டை மூடிவிட்டார். அதற்கப்புறம் ஆடியதையெல்லாம் எழுத அவருக்கு மனத்தெம்பு இல்லை.

“வாங்கோ, உக்காருங்கோ. தோப்பனார் திருநாமம்?”

“அம்மாசிங்க.”

ஹரிஹரசுதன் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. ஆழ்வார்கள் பேரைச் சொல்வது போல ஒவ்வொரு ஆட்டத்தின் பதினோரு பேரையும் சொல்லிக்கொண்டு போனார். கண்ணைத் திறந்தபோது முகம் சரியில்லை.

“அப்படி ஒருத்தர் இந்தியாவுக்கு ஆடலையே, ஸ்வாமி.”

“போட்டோ இருக்குங்க சாமி!” வீரமலை பையிலிருந்து உருவினார்.

ஹரிஹரசுதன் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். ஒரு முறை பார்த்தார், எழுந்து போய் ஒரு காகிதக் கட்டைக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். கொழும்பிலிருந்து யாரோ அனுப்பிய பழைய பத்திரிகை நகல் அது.

“ஐம்பத்திரண்டுல கொழும்புல நாலு தேசத்துப் போட்டி. சிலோன் டீம் அப்பத்தான் பொறந்த குழந்தை, முதமுதலா வேத்து தேசத்தோட ஆடறா. இந்தியாகிட்ட தோத்துட்டா. ஆனா இந்தப் பேப்பர்க்காரன் என்ன எழுதியிருக்கான் தெரியுமோ? ‘தோற்ற பக்கத்தில் ஒரே ஆறுதல், இடது ஓரம் ஆடிய அம்மாசி.’” அவர் தலையை நிமிர்த்தினார். “ஆடினார் ஸ்வாமி. பிரமாதமா ஆடியிருக்கார். ஆனா இந்தியாவுக்கு இல்லை, இந்தியாவை எதிர்த்துன்னா ஆடியிருக்கார்!”

வீரமலைக்குக் காது அடைத்தது. இருபது வருஷம் பரிவட்டம் கட்டிய தலை, அந்தரத்தில் ஆடுவது போல இருந்தது. அந்தப் பலகையில் இரண்டு பேர் இருந்தன. அப்பா எந்தப் பேருக்குச் சொந்தக்காரர் என்று இத்தனை வருஷத்தில் ஒரு மனுஷன் கேட்கவில்லையே! அவர் பதறிப்போய் இரண்டாவது சட்டத்தை நீட்டினார்.

“இந்த சர்டிபிகேட்டைப் பாருங்க சாமி. கவர்மெண்டு முத்திரை.”

“என்ன இது, இவ்வளவு சந்தனம்?” ஹரிஹரசுதன் உள்ளே போய் ஈரத்துணி கொண்டுவந்தார். பொட்டு லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்ட வேண்டியிருந்தது. செதில் செதிலாக நாற்பது, ஐம்பது வருஷத்து வெள்ளிக்கிழமைகள் துண்டில் உதிர்ந்தன. கண்ணாடி தெளிந்ததும் அவர் படித்தார். படித்துவிட்டுச் சட்டத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

“என்னங்க போட்டிருக்கு?”

“இது சர்டிபிகேட் இல்லை ஸ்வாமி.” அவர் குரல் இறங்கிவிட்டது. “சிலோன் பிரஜையா ஏத்துக்கணும்னு உங்க தோப்பனார் மனுப் பண்ணியிருக்கார். தேயிலைத் தோட்டத்து ஜனங்களெல்லாம் அப்ப அப்படி மனுப் போட்டாகணும், அங்கேயே பொறந்திருந்தாலும் சரி. இது அதுக்கு வந்த பதில். இடைவிடாம அந்த தேசத்துல வசிச்சதுக்குப் போதுமான ஆதாரம் இல்லை, அதனால நிராகரிச்சாச்சுன்னு போட்டிருக்கா. தேதியைப் பாருங்கோ. ஆட்டம் முடிஞ்சு ஏழு மாசம்.”

“அவங்க டீமுலதானே ஆடினாரு?”

“ஆடினார். உள்ளூர் ஆட்டம், பாஸ்போர்ட் வேண்டாம். அடுத்த வருஷம் அதே போட்டி ரங்கூன்ல நடந்தது. கப்பல் ஏறணும்னா பாஸ்போர்ட் வேணும்.” ஹரிஹரசுதன் காகிதக் கட்டில் இன்னொரு தாளைப் புரட்டினார். “ரங்கூன் லிஸ்ட்ல அம்மாசி இல்லை.”

வெளியே ஆட்டோக்காரன் ஒருவன் கோபுரத்துக்கே கேட்கும்படி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். அது ஓய்ந்ததும் ஹரிஹரசுதன் சொன்னார்.

“இந்தியாவுக்கு ஆடினார்னு அடியேன் எழுதித் தர முடியாது. பெருமாளே வந்து கேட்டாலும் முடியாது. சிலோனுக்கு ஆடினார்னு வேணா மூணு காப்பி தரேன்.”

வீரமலை வாங்கிக்கொண்டார். பஸ்ஸில் காவிரிப் பாலம் தாண்டும்போது அவருக்குத் துறையூர் ஞாபகம் வந்தது. ஆறு வயசு வரைக்கும் அங்கேதான் இருந்தார்கள். அது தாத்தாவின் ஊர். தாத்தா அங்கிருந்துதான் தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறினார். அப்பா திரும்பி வந்தபோது அந்த ஊருக்கு அவர்கள் ‘சிலோன்காரன் வீடு’. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அப்படிக் கூப்பிட்டதாக வீரமலை ஒரு நாள் அழுதுகொண்டு வந்து சொன்னார். அடுத்த மாசமே அப்பா சாமான்களை ஏற்றிக்கொண்டு காட்டூருக்கு வந்துவிட்டார். இங்கே யார் கேட்டாலும் சொந்த ஊர் துறையூர் என்பார், அதற்கு முந்தியதைச் சொல்ல மாட்டார். பந்தாட்டத்தைப் பற்றி வீரமலை கேட்டபோதெல்லாம், “சின்ன வயசுல ஆடினேன். விடு” என்றதோடு சரி. அவர் விட்டதையெல்லாம் பொறுக்கி ஜோடித்தது வீரமலைதான்.

வீட்டில் அவர் சொல்லி முடித்ததும் செல்லக்கிளி சிரிக்க ஆரம்பித்தாள். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“மானம் போவுதுன்னு நான் உக்காந்திருக்கேன். உனக்கு இளிப்பா இருக்கா?”

“அதில்லங்க. ஜாங்கிரி! நான் கல்யாணமாகி வந்த புதுசு, தொண்ணூத்தஞ்சு. கொழும்புல ஃபைனல்ல இந்தியா சிலோன்கிட்ட தோத்துருச்சு. மறுநாள் பேப்பரைப் பார்த்துட்டு மாமா ஒரு கிலோ ஜாங்கிரி வாங்கியாந்து தெரு முழுக்கக் குடுத்தாரே, ஞாபகம் இருக்கா? மனுஷனுக்குக் கண்ணு தெரியல, தப்பாப் படிச்சிட்டாருன்னு நீங்ககூட திட்டுனீங்க. நான் கேட்டேன், ‘என்ன மாமா, தோத்ததுக்கா ஸ்வீட்டு’ன்னு. ‘ஒருத்தன் தோத்தா ஒருத்தன் ஜெயிச்சிருப்பான்ல தாயி, நீ சாப்பிடு’ன்னாரு.” சொல்லிக்கொண்டே வந்தவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “கண்ணெல்லாம் கலங்கியிருந்துச்சுங்க. நான் புகை பட்டுதுன்னு நெனச்சேன்.”

வீரமலைக்கும் பொங்கிக்கொண்டு வந்தது. தன்னை வேண்டாம் என்று தள்ளிய ஒரு நாடு ஜெயித்ததற்கு, நாற்பது வருஷம் கழித்துத் தன் காசில் இனிப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார் மனுஷன். அதைக்கூட யாரிடமும் சொல்ல முடியவில்லை. பக்கத்தில் இருந்த மகன், கண் டெஸ்ட் பண்ணிக்கொள்ளச் சொல்லியிருக்கிறான்.

ஜெயக்குமாருக்கு விஷயம் தெரிந்ததும் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார்.

“அண்ணே, உங்களுக்கு, எனக்கு, அந்த ஐயங்காருக்கு, மூணு பேருக்குத்தானே தெரியும்? அமுக்கிருவோம். வெளிய தெரிஞ்சா பேரும் போச்சு, பரிவட்டமும் போச்சு. இந்தியாவைத் தோக்கடிக்க ஆடினவருக்கு இந்தியாவுல திடலான்னு எவனாவது கிளப்புவான்.”

“தோக்கடிக்கலடா. அவரு டீம்தான் தோத்துச்சு.”

“ஜோக்கா இது? மூட்டை மூட்டையா அசிங்கம்ணே. அந்த போட்டோ ஒண்ணு போதும், நான் பார்த்துக்குறேன். நீங்க மைக்ல எப்பவும் போல லண்டனுக்குப் போயிட்டு வாங்க.”

பரிவட்டம் வீரமலைக்கு உயிர். வேலை பார்த்த காலத்தில் நூறு பேரில் ஒருவராக ஸ்பேனர் பிடித்தவர், சொந்தக்காரன் வீட்டுக் கல்யாணத்தில் மூன்றாவது பந்திக்குக் கூப்பிடப்படுகிறவர். அந்த ஒரு நாளில்தான் ஊர் அவருக்கு வழிவிட்டு நிற்கும். அதைத் தூக்கிக் கொடுப்பதென்றால் சும்மாவா?

ஞாயிற்றுக்கிழமை திடலில் கூட்டம் நெரிந்தது. புதுப் படிக்கட்டில் சாமியானா, மேடையில் மாநகராட்சி ஆட்கள், ஃபிளெக்ஸ் பேனரில் இந்தியக் கொடிக்கு முன்னால் அம்மாசி. ஜெயக்குமார் தட்டில் பரிவட்டத்தோடு வந்து நின்றார். வீரமலை அவர் கையைத் தடுத்துவிட்டு மைக்கை வாங்கினார்.

“துணியை அப்புறம் கட்டுங்க. நான் சொல்றதைக் கேட்டுட்டு, கட்டணுமா வேணாமான்னு நீங்களே சொல்லுங்க. எங்கப்பா லண்டன் போகல. அது நான் விட்ட ரீலு.”

கூட்டத்தில் சிரிப்பு. இது பலருக்கு முன்பே தெரியும் போலிருந்தது.

“கொழும்புல ஆடினாரு, அது நெசம். ஆனா சிலோனுக்கு ஆடினாரு. நம்ம டீமை எதிர்த்து ஆடினாரு. ஆடி முடிச்ச ஏழாவது மாசம், நீ எங்க ஆளில்லன்னு அந்த ஊர்க்காரன் லெட்டர் குடுத்தான். இங்க வந்தாரு. சிலோன்காரன்னு இந்த ஊர்க்காரன் சொன்னான். அங்கயும் ஆதாரம் கேட்டாங்க, இங்கயும் ஆதாரம் கேக்குறாங்க. அவரு உசுரோட இருந்தப்ப அவருகிட்ட எதுக்கும் ஆதாரம் இல்ல. இப்ப எங்கிட்ட மூணு காப்பி இருக்கு. அவ்ளோதாங்க.”

ஜெயக்குமார் தட்டோடு நின்ற இடத்திலேயே வேர்த்துக்கொட்டினார். மேடையில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். படிக்கட்டின் கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. பூக்கடை நிஜாமுதீன் பாய்.

“பாய் ஒரு டவுட்டு கேக்குறேன். அந்த மேட்சுல யாரு ஜெயிச்சா?”

“நாமதான்” என்றார் வீரமலை.

“அப்ப என்னய்யா பிரச்சினை? நாம ஜெயிச்சாச்சு, அவரும் நல்லா ஆடியிருக்காரு. கட்டுங்கய்யா துணிய! வெயில் ஏறுதுல்ல?”

கூட்டம் ஓவென்று கத்தியது. அது பெருந்தன்மையா, வெயிலா என்று யாரும் ஆராயவில்லை. ஜெயக்குமார் பரிவட்டத்தைக் கட்டினார். நாதஸ்வரக்காரர் ஊதினார். மேடையில் இருந்தவர் மைக்கை வாங்கி, பேர் விஷயத்தை மறுபடி பரிசீலிக்க வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்கும் கைதட்டினார்கள், பழக்க தோஷம்.

வீரமலை நடுக்கோட்டில் போய் நின்றார். பந்து தயாராக இருந்தது. கிழக்கே பார்த்து நின்றவர், மெதுவாகத் திரும்பி மேற்கே, எதிர்ப்பக்கத்துக் கோலைப் பார்த்தார். சோசியனை மனசுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இருபத்தொரு வருஷத்தில் முதல் முறையாக ஓடிவந்து உதைத்தார். பந்து பத்தடியில் நிற்காமல் அறுபதடி போனது. செருப்பு அதற்கும் மேலே போனது.

அன்றிரவு இடுப்பு பிடித்துக்கொண்டது. அந்த வாரம் முழுக்கத் தைலமும் வசவுமாகப் போயிற்று. திடலுக்கு இன்னும் பேர் இல்லை, ஃபைல் எங்கோ இருக்கிறது.

வெள்ளிக்கிழமை செல்லக்கிளி பூஜை அலமாரியைத் துடைத்தாள். போட்டோவுக்குப் பொட்டு வைத்துவிட்டு, அந்தத் தாளுக்கு முன்னால் வந்து நின்றாள். கண்ணாடி பளிச்சென்று இருந்தது. நடுவில் இருந்த இரண்டு வரியும் அப்பட்டமாகத் தெரிந்தன.

“அத்தை ஒண்ணு சொல்லுவாங்க” என்றாள். “இந்தச் சட்டத்தை மாட்டின அன்னிக்கு அவங்க ஓரமாத்தான் பொட்டு வைக்கப் போனாங்களாம். மாமாதான் சந்தனத்தை வாங்கி, நடுவுல அவரே வச்சாராம்.”

வீரமலை இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுந்து வந்தார். அப்பாவுக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியும்.

செல்லக்கிளி கிண்ணத்திலிருந்து சந்தனத்தை நிறைய எடுத்து, அந்த வரிகளின் மேல் வைத்துக் கட்டை விரலால் அழுத்தினாள்.

“இன்னும் கொஞ்சம் வை” என்றார் வீரமலை. “ஓரத்துல ஒரு எழுத்து தெரியுது.”